அமெரிக்கக் கோட்டில் சாட்சி: கப்பலுக்குப் போகும் தம்பிமாருக்கு

அமெரிக்காவில் எனக்கு வழக்கு நடந்தது என்று ஊரில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு வழக்கு எதுவும் நடக்கவில்லை. நான் வேலை செய்த கப்பலின் கொம்பனிக்கும் சீஃப் இன்ஜினியருக்கும் எதிரான வழக்கு அது, நான் அதில் சாட்சி. இதை ஒருதரம் முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கல்லடி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில் என்று நம்ம கரையோரத்திலிருந்து இப்போது நிறையப் பொடியன்மார் கப்பலுக்குப் போகிறார்கள், அவர்களுக்குத் தீயை எப்படி அணைப்பது, லைஃப் போட்டை எப்படி இறக்குவது என்றெல்லாம் கொழும்பில் படிப்பிக்கிறார்கள், ஆனால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒருவர் ஏறிவந்து உன் பேர் போட்ட கடதாசியை நீட்டினால் என்ன செய்வது என்று யாரும் படிப்பிப்பதில்லை.

கப்பலில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் ஒயிலர், இன்ஜின் ரூமில் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி. இன்ஜின் ரூமின் அடித்தட்டில் எப்போதும் கொஞ்சம் தண்ணியும் எண்ணெயும் கலந்து சேரும், அதைத்தான் பில்ஜ் தண்ணி என்கிறோம். 400 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் அதை, எண்ணெயையும் தண்ணியையும் பிரிக்கிற செபரேட்டர் மெஷினுக்குள்ளால் விட்டு, எண்ணெய் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் இல்லாமல் சுத்தமாக்கித்தான் கடலில் விடலாம் என்பது, கப்பல்கள் கடலை அசுத்தமாக்காமல் இருக்க நாடுகள் செய்துகொண்ட மார்போல் சமவாயத்தின் விதி. எவ்வளவு விட்டது, எந்த இடத்தில் விட்டது, எவ்வளவு எரித்தது, எவ்வளவு கரையில் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒயில் ரெக்கோர்ட் புக்கில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். செபரேட்டர் பழுதானால் சாமான் கேட்க வேண்டும், கழிவைக் கரையில் கொடுத்தால் காசு கட்ட வேண்டும், உடனே ஒஃபிஸிலிருந்து ஏன் இவ்வளவு செலவு என்று ஈமெயில் வரும். அந்த ஈமெயிலுக்குப் பயந்து சில சீஃப்மார் இரவில் ஒரு பைப்பைப் பூட்டி, செபரேட்டரைத் தொடாமலே எல்லாவற்றையும் கடலுக்குள் விட்டுவிட்டு, புத்தகத்தில் சுத்தமாக்கி விட்டதாக எழுதிவிடுவார்கள். கப்பல்காரர் அதற்கு வைத்திருக்கிற பேர் மேஜிக் பைப். சின்னக் கொம்பனிகள் மட்டும் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். பிரின்சஸ் என்ற பெரிய உல்லாசக் கப்பல் கொம்பனி இதே குற்றத்தை 2016 இல் ஒத்துக்கொண்டு 4 கோடி டொலர் தண்டம் கட்டியது. அதைக் காட்டிக்கொடுத்தவர் அந்தக் கப்பலுக்குப் புதிதாக வந்த ஒரு இன்ஜினியர்.

இதில் நம்மவர்களுக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. எண்ணெயை விட்டது நடுக்கடலில், கப்பலின் கொடி வேறு நாட்டுக்கொடி, வேலை செய்தவர்கள் ஆசியாக்காரர். அப்படியிருக்க அமெரிக்காவுக்கு இதில் என்ன வேலை என்று என் மாமாவே கேட்டார். அமெரிக்கக் கோடு, அதாவது நீதிமன்றம், பிடிப்பது அந்தப் புத்தகத்தை. பொய் எழுதின ஒயில் ரெக்கோர்ட் புக்கோடு அவர்களுடைய துறைமுகத்துக்குள் வந்து, அதை உண்மை என்று காட்டுவதுதான் அங்கே குற்றம், அதற்கென்று 1980 இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால்தான் சாட்சிகள் வேண்டும். புத்தகம் பொய் என்று வாயால் சொல்லக்கூடியவர்கள் அந்த இன்ஜின் ரூமில் நின்றவர்கள் மட்டுமே.

2019 தொடக்கத்தில், மிசிசிப்பி ஆற்றுக்குள், நியூ ஓர்லியன்ஸுக்கு மேலே சோயா ஏற்றுவதற்காக நங்கூரம் போட்டு நின்றோம். அமெரிக்கக் கரையோரக் காவல் படை, அதாவது கோஸ்ட் கார்ட், ஏறினார்கள். வழக்கமான சோதனை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் வந்தவர்கள் கப்பலை ஓட்டுகிற மேல் அறைக்கு, பிரிட்ஜுக்கு, போகவில்லை, நேரே கீழே இறங்கினார்கள். எங்களோடு வேலை செய்த வைப்பர், அதாவது இன்ஜின் ரூமைத் துடைத்துச் சுத்தமாக்குகிற பொடியன் ஒருவன், போனில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரியும். வந்தவர்களில் ஒரு அதிகாரி டோர்ச் அடித்துக்கொண்டு பைப் பைப்பாகப் பார்த்தார். பைப்புகளைப் பொருத்துகிற எல்லா ஃப்ளேஞ்சிலும் போல்ட்டுகளை மூடிப் பெயின்ட் இருந்தது. ஒன்றில் மட்டும் நட்டுகளின் மூலையில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது, ஸ்பேனர் அடிக்கடி பட்ட இடம். அவர் அதை விரலால் ஒருதரம் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் கெமராவை எடுத்தார். பக்கத்தில் நின்ற செகண்ட் இன்ஜினியரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னுடைய கொப்பி. நான் வோட்சில், அதாவது காவல் முறை வேலையில், நிற்கிற ஒவ்வொரு நாளும் டேங்குகளுக்குள் சவுண்டிங் டேப்பை விட்டு, எண்ணெய் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று அளந்து எழுதுவேன். அதற்கென்று மட்டக்களப்பில் வாங்கிக்கொண்டு போன ஒரு சீஆர் கொப்பி இருந்தது, மூலைகள் எல்லாம் கிரீஸ் ஊறிக் கறுத்துப் போனது. டேப் காட்டியதை அப்படியே எழுதுவேன், அதுதான் வேலை. பில்ஜ் டேங்கில் மாலையில் இவ்வளவு, விடியப்புறம் இவ்வளவு குறைந்திருக்கிறது, ஆனால் அந்த இரவு செபரேட்டர் ஓடியதாகப் பெரிய புத்தகத்தில் ஒரு வரி இல்லை. ஒரு இரவு என்றால் தவறுதல் என்று சொல்லலாம், அது பக்கம் பக்கமாக இருந்தது. அதிகாரிகள் என் கொப்பியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மேலே என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார்கள். அந்த நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, இந்தக் கப்பல் போகும்போது நான் அதில் போகமாட்டேன் என்று.

கப்பலைத் துறைமுகத்தை விட்டுப் போகவிடாமல் நிறுத்தினார்கள். பிறகு கொம்பனி பெரிய தொகைக்குப் பிணை வைத்து, ஒரு ஒப்பந்தம் எழுதி, கப்பலை எடுத்துக்கொண்டு போனது. அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்றால், இன்ஜின் ரூம் ஆட்கள் சிலர் அமெரிக்காவிலேயே நிற்க வேண்டும், அவர்களுக்குக் கொம்பனி சம்பளம் கொடுக்க வேண்டும், ஹோட்டல் போட வேண்டும், சாப்பாட்டுக் காசு கொடுக்க வேண்டும், முடிந்ததும் ஊருக்கு டிக்கெட் போட வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கையெழுத்து வைத்தது கொம்பனியும் அரசாங்கமும். யாருடைய நாட்களைப் பற்றி அந்த ஒப்பந்தம் பேசியதோ அவர்களிடம், அதாவது எங்களிடம், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுடைய பாஸ்போர்ட்டுகள் கொம்பனியின் ஏஜென்ட்டிடம் போயின. எங்கள் கையில் சப்பீனா வந்தது. சப்பீனா என்றால் கிராண்ட் ஜூரிக்கு, அதாவது குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கிற பொதுமக்கள் குழுவுக்கு, முன்னால் வந்து சாட்சி சொல் என்ற கட்டாய அழைப்பாணை. அதை மதிக்காமல் போனால், அல்லது நாட்டை விட்டுப் போக முயன்றால், முக்கிய சாட்சி என்று சொல்லி நீதிபதி பிடியாணையே கொடுக்கலாம், அதற்கும் அங்கே சட்டம் இருக்கிறது.

குற்றம் செய்யாத ஒருவனை, குற்றத்தைப் பார்த்தான் என்பதற்காக மறித்து வைக்கிறார்கள். இது எனக்கு இன்றைக்கும் ஏற்கமுடியாத விஷயம். அமெரிக்காவில் நீதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அந்த நாட்டில் ஒரு ஒயிலரின் கொப்பியை நம்பி ஒரு கொம்பனியைக் கூண்டில் ஏற்றினார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் சாட்சியின் நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை அவனும் அவன் வீட்டுக்காரரும்தான் கட்டுகிறார்கள்.

ஹோட்டல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ஒரு அறைக்கு இரண்டு பேர். சம்பளம் வந்தது, ஆனால் ஓவர்டைம் இல்லாத சம்பளம். கப்பல்காரனுக்குத் தெரியும், வீட்டைக் கொண்டு நடத்துவது அடிப்படைச் சம்பளம் இல்லை, ஓவர்டைம்தான். கல்லடியில் என் மனைவி சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், அதை நிறுத்தினாள். காசை விட மோசமானது கதை. கப்பல்காரன் ஒருவன் அமெரிக்காவில் மறிக்கப்பட்டான் என்றால் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் நினைப்பார்கள், போதைத் தூள். சந்தையில் தெரிந்த ஒருத்தி என் மனைவியிடம் மெதுவாக, 'இஞ்ச பாரு புள்ள, எவ்வளவு வருஷம் போட்டிருக்காங்க?' என்று கேட்டிருக்கிறாள். செட்டிபாளையத்தில் அம்மா போனில் அழுதார். 'நீ ஒண்டும் செய்யல்லண்டா உன்ன ஏன் மனே மறிச்சி வெச்சிருக்காங்க?' அந்தக் கேள்விக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் நின்றுகொண்டு என்ன விளக்கம் சொல்வது? சாட்சி என்றேன். சாட்சி என்றால் சொல்லிப்போட்டு வாவன் என்றார். சட்டம் படித்த யாரும் எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, சனிக்கிழமை இரவு. நியூ ஓர்லியன்ஸுக்கும் நமக்கும் அந்த மாதத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம், அங்கே சனி இரவு என்றால் இங்கே ஞாயிறு காலை. 2019 உயிர்த்த ஞாயிறு. படுக்கப் போகிற நேரம் போனில் முதல் செய்தி வந்தது, கொழும்பில் குண்டு. அடுத்தது நீர்கொழும்பு. அதற்குப் பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஞாயிறு காலையில் என் மகளுக்கு டவுனில் வகுப்பு, மனைவிதான் கல்லடிப் பாலத்தால் கூட்டிக்கொண்டு போவாள். வகுப்பு நடக்கிற இடத்துக்கும் அந்தத் தேவாலயத்துக்கும் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் நடந்து பார்த்தேன், திரும்பத் திரும்ப நடந்தேன். போன் போகவில்லை. மச்சானுக்கு எடுத்தேன், போகவில்லை. எல்லா இணைப்பும் நெரிசல். அறையில் என்னோடு இருந்த பிலிப்பைன்ஸ்காரர் எழும்பி உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், தன்னுடைய போனையும் என்னிடம் தந்தார். மனைவியின் குரல் வரும்போது அங்கே விடியப்போகிற நேரம். அவர்கள் பாலம் தாண்டுவதற்குள்ளேயே சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். ஆனால் மகளோடு படித்த பிள்ளையின் தம்பி அந்தத் தேவாலயத்தில் இருந்தான். எத்தனை பிள்ளைகள் அன்று போனார்கள் என்று மட்டக்களப்பில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே அரசாங்கம் ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. அடுத்து வந்த நாட்களில் போன் கார்ட் வாங்கி, ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

ஊருக்குப் போக விடுங்கள், திரும்பி வந்து சாட்சி சொல்கிறேன் என்று என் லோயர் மூலம் கேட்டேன். அரசாங்க வழக்கறிஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், வருத்தம் தெரிவித்தார், முடியாது என்றார். நாங்கள் ஊருக்குப் போய்விட்டால் எங்களைத் திரும்பக் கூப்பிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அதுதான் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த வாரம் என் வீட்டில் ஒரு ஆண் துணை இல்லை, ஊரடங்கு, நானோ ஹோட்டல் ஜன்னலால் கார் பார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரு கடதாசியும் காட்டவில்லை. சும்மா இருத்தி வைத்திருந்தார்கள். கோபம் வந்தது அதற்குத்தான்.

இடையில் அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். அந்த வருஷம் மிசிசிப்பியில் மாதக்கணக்காக வெள்ளம். ஆற்றுத் தண்ணி நகரத்துக்குள் ஏறாமல் இருக்க, மேலே பொனே காரே என்ற இடத்தில் மரத்தடுப்புகளைக் கிரேனால் உருவி, தண்ணியைப் பொன்சார்ட்ரேன் ஏரிக்குள் திருப்பி விடுவார்கள், வெள்ளத்துக்கு நாம் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிற மாதிரி. ஒரே வருஷத்தில் இரண்டு தரம் திறந்தது அதுதான் முதல் தடவையாம். அந்த ஏரியும் உவர் ஏரி, நண்டும் இறாலும் பிடிக்கிற ஏரி, நல்ல தண்ணி அளவுக்கு மிஞ்சி வந்ததால் இறால் பாடு இல்லாமல் போய்விட்டது என்று கரையில் நின்ற ஒரு வயதான மீன்காரர் சொன்னார். அவரோடு பேசின அரைமணித்தியாலம் அந்த மாதங்களிலேயே எனக்கு நல்ல நேரம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி. அம்மா நேர்த்தி வைத்திருந்தார். கோயிலில் வழக்குரை பாடும்போது, கண்ணகி பாண்டியன் சபையில் போய் நிற்கிற இடத்தில், அம்மா இருக்க முடியாமல் எழும்பி வெளியே வந்துவிட்டதாக அக்கா சொன்னார். அம்மாவுக்கு அது கதை இல்லை. வேற்று நாட்டு அரச சபை, தனியாக நிற்கிற ஆள், கையில் ஒரே ஒரு சாட்சிப் பொருள்.

சரி, கிராண்ட் ஜூரிக்கு வருகிறேன், பொடியன்மார் அதிகமாகக் கேட்பது இதைத்தான். அது படத்தில் பார்க்கிற கோடு மாதிரி இல்லை. நீதிபதி இல்லை, கூண்டு இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை. ஒரு பெரிய அறை, 16 பேருக்குக் குறையாமல், 23 பேருக்குக் கூடாமல் சாதாரண மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வேலைக்குப் போகிறவர்கள், பென்சன்காரர், தண்ணிப் போத்தலோடு ஒரு பெண். அரசாங்க வழக்கறிஞர் கேள்வி கேட்பார், ஒருவர் எல்லாவற்றையும் டைப் பண்ணுவார், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருப்பார். உங்கள் லோயர் உள்ளே வர முடியாது. வெளியே கதவடியில் நிற்பார், ஒரு கேள்விக்கு அவரிடம் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்றால் எழும்பி வெளியே போய்க் கேட்டுவிட்டு வரலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. சத்தியம் செய்யச் சொல்வார்கள். பைபிள் வேண்டாம் என்றால் வேண்டாம், உறுதிமொழி சொன்னால் போதும். என் முன்னால் என்னுடைய சீஆர் கொப்பியை வைத்தார்கள், அதில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். இந்த எண்ணை ஏன் எழுதினாய்? டேப் அதைத்தான் காட்டியது. யாராவது மாற்றி எழுதச் சொன்னார்களா? அந்தக் கேள்விக்கு நான் கொஞ்ச நேரம் எடுத்தேன், ஏனென்றால் அதற்கான பதிலில் இன்னொரு மனிதனின் வேலையும் வீடும் இருந்தது, நாங்கள் ஒரே மேசையில் சோறு தின்றவர்கள். சொன்னேன். உண்மை அதுதான், சத்தியம் செய்துவிட்டு வேறு எதைச் சொல்வது?

லோயர் விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். கப்பல் மறிக்கப்பட்ட அன்றைக்கே கொம்பனி தன்னுடைய லோயர்மாரை ஏற்றிவிடும். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, 'நாங்கள் உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்' என்பார்கள். அவர்கள் கொம்பனியின் லோயர்மார். உங்களுக்கென்று தனி லோயர் கேட்க வேண்டும். பிறகு வருகிறவருக்கும் பெரும்பாலும் கொம்பனிதான் காசு கட்டும், அதனால் முதல் நாளே நேராகக் கேளுங்கள், நீங்கள் யாருக்கு லோயர் என்று. நான் கேட்டேன். எனக்கு வந்த லோயர் அம்மா கோபிக்கவில்லை. காசு யார் கொடுத்தாலும் நான் உனக்குத்தான் லோயர், நீ சொல்வதை உன் அனுமதி இல்லாமல் கொம்பனிக்குச் சொல்லமாட்டேன், அரசாங்கத்துக்கும் சொல்லமாட்டேன் என்று கடதாசியில் எழுதித் தந்தார். அவர் சொன்ன அறிவுரைகளில் மூன்றை இன்னும் மறக்கவில்லை: கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததைத் தெரியாது என்று சொல், ஊகித்துச் சொல்லாதே. உங்களையே மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அந்த நாட்டு அரசியல் யாப்பின் ஐந்தாவது திருத்தம் உரிமை தருகிறது, நீங்கள் இலங்கைக்காரராக இருந்தாலும் தருகிறது. காசு இல்லை என்றால் கோட்டே லோயர் போட்டுத் தரவும் வழி இருக்கிறது.

எங்களை வெளியே கொண்டுவந்ததும் அந்த லோயர் அம்மாதான். வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், சாட்சிகளின் வாக்குமூலத்தை முன்கூட்டியே வீடியோவில் பதிந்துவிட்டு ஊருக்கு விடுங்கள் என்று நீதிபதியிடம் மனுப் போட்டார். அங்கே குற்றவியல் வழக்கு விதிகளில் 15 ஆவது விதி அதற்குத்தான் இருக்கிறது. முதல் மாதமே இதைச் செய்திருக்கலாம். அந்த விதி புதிதாக வந்தது இல்லை, அரசாங்க வழக்கறிஞருக்கும் தெரியும், கொம்பனி லோயர்மாருக்கும் தெரியும். யாருக்கும் அவசரம் இல்லை, எங்களைத் தவிர. நீதிபதி சம்மதித்தார். ஜூலையில் பாரி என்ற சூறாவளி வந்ததில் அதுவும் தள்ளிப்போனது. கடைசியில் ஒரு ஒஃபிஸ் அறையில் கெமராவை வைத்து, இரண்டு பக்க லோயர்மாரும் மாறிமாறிக் கேட்டார்கள். சீஃப் இன்ஜினியரும் அந்த அறையில் இருந்தார். அவருடைய லோயர் என் கொப்பியை வைத்துக்கொண்டு, கப்பல் ஆடும்போது சவுண்டிங் பிழைக்காதா என்று கேட்டார். பிழைக்கும் என்றேன், ஆனால் ஒவ்வொரு இரவும் ஒரே பக்கத்துக்குப் பிழைக்காது என்றேன். சீஃப் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வோட்சை மாற்றித் தந்தவர். செலவைக் குறை என்று மேலே இருந்து நெருக்கியவர்கள் ஒருவரும் அந்த அறையில் இல்லை.

கொம்பனி குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டியது என்று நான் ஊருக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இப்போது காசுக் கதை. அமெரிக்கா எனக்குக் கோடிக்கணக்கில் கொடுத்ததாக ஒரு கதை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்றால், அந்தச் சட்டத்தில் தகவல் கொடுத்தவருக்குத் தண்டத்தில் பாதி வரைக்கும் நீதிபதி விரும்பினால் கொடுக்கலாம். 2007 இல் ஓஎஸ்ஜி என்ற எண்ணெய்க் கப்பல் கொம்பனியின் வழக்கில் 12 மாலுமிகளுக்கு ஆளுக்கு 4,37,500 டொலர் கொடுத்தார்கள். பிரின்சஸ் வழக்கில் அந்த இன்ஜினியருக்கு 10 லட்சம். எங்கள் வழக்கில் அந்த வைப்பர் பொடியனுக்கு ஒரு பங்கு கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும், அவனைத் திரும்ப எந்தக் கொம்பனியும் எடுக்கவில்லை. எனக்கு வந்தது கோட்டுக்குப் போன நாட்களுக்குச் சாட்சிப்படி, நாளுக்கு 40 டொலர். காசுக்காகச் சாட்சி சொன்னான் என்று யாராவது சொன்னால், அந்த நாட்களில் வராத ஓவர்டைமை என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

கப்பலில் இல்லாமல் ஊரில் இருக்கும்போது வெளிநாட்டுக் கோட்டிலிருந்து கடிதம் வந்தால் நிலைமை வேறு. அக்கரைப்பற்றில் என்னோடு கப்பலில் இருந்த நண்பர் ஒருவர், முஸ்லிம் ஆள், அவருக்கு இன்னொரு வழக்கில் அப்படி ஒன்று வந்தது, பயந்துபோய் எனக்கு எடுத்தார். வாப்பாவும் உம்மாவும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். வெளிநாட்டு நீதிமன்றத்தின் கட்டளை இங்கே உள்ளவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. குற்றவியல் வழக்கென்றால் அந்த நாடு நம்முடைய நீதி அமைச்சின் செயலாளர் மூலமாகக் கேட்க வேண்டும், 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் அதற்காக வந்ததுதான். வாக்குமூலத்தை இங்கேயே எடுக்கலாம். அங்கே போய்ச் சொல்வதானால் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். நண்பரிடம் ஈமெயிலை எனக்கு அனுப்பச் சொன்னேன், பிறகு மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் இருவரும் போனோம். அவர் நிதானமாக வாசித்துவிட்டு, இது ஒரு தரப்பு லோயர் அனுப்பிய வேண்டுகோள், கோட்டுக் கட்டளை இல்லை என்றார். நண்பர் சாட்சி சொல்லத்தான் விரும்பினார், அவர் கண்ட விபத்தில் ஒருவர் இறந்திருந்தார். சொல்வேன், ஆனால் முறைப்படி கேட்கட்டும் என்று பதில் எழுதினோம். இன்னொன்று, அழைப்பாணை என்று சொல்லி வருகிற ஈமெயிலில் காசு கட்டச் சொன்னால், வங்கி நம்பர் கேட்டால், அது ஏமாற்று. எந்தக் கோடும் சாட்சியிடம் காசு கேட்காது.

என் மனைவியின் தம்பி அடுத்த மாதம் முதல் கப்பலுக்குப் போகிறான், வைப்பராக. பாஸ்போர்ட், சீடிசி என்கிற கப்பல்காரர் புத்தகம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். நீ அளந்ததை மட்டும் எழுது, நீ பார்க்காத எதற்கும் கையெழுத்து வைக்காதே என்றேன். மறித்தால் முதல் வேலையாக உனக்கென்று லோயர் கேள், இரண்டாவது வேலையாக அவரிடம் வீடியோ வாக்குமூலத்துக்கு மனுப் போடச் சொல் என்று, அந்த 15 ஆவது விதியை அவனுடைய போனில் என் கையாலேயே குறித்துக் கொடுத்தேன். அத்தான், அப்படி ஒன்று நடந்தால் பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்டான். உன் அக்காவிடம் கேள் என்றேன். அவள் அடுப்படியிலிருந்து, பாத்ததச் சொல்லிப்போட்டு வா, கதைக்கிறவங்கள நான் பாத்துக்கொள்றன் என்றாள்.